கேமுக்குக் காசா, கம்ப்யூட்டருக்கு வாடகையா?

கிளவுட் கேமிங்ல சந்தா கட்டுறதுக்கு முன்னாடி நான் ஒண்ணுதான் பார்ப்பேன்: அவங்க கடையை மூடினா கையில என்ன மிஞ்சும்?

கூகுள் ஸ்டேடியாவுல ப்ரோ சந்தா மாசம் 9.99 டாலர். ஆனா, பெரும்பாலான புது கேமை முழு விலைக்குத் தனியா வாங்கணும். அதுவும் கூகுள் சர்வர்ல மட்டும்தான் ஓடும். 2023 ஜனவரி 18ல மூடிட்டாங்க. கேமுக்கு வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, பாராட்டணும். சந்தாக் காசு போனது போனதுதான்.

என்விடியாவோட ஜீஃபோர்ஸ் நவ்ல நாம கட்டுறது கம்ப்யூட்டர் வாடகை மட்டும். கேம் நம்ம ஸ்டீம் கணக்குல பத்திரமா இருக்கும். மாசம் 100 மணி நேரம். மேல ஆடினா எக்ஸ்ட்ரா காசு. சரி, பரவாயில்ல. ஆனா, காசு கொடுத்து வாங்கின எல்லா கேமும் அங்க ஓடாது. கேம் கம்பெனியும் சம்மதிக்கணும். 2020 பிப்ரவரியில ஆக்டிவிஷன் தன் கேம்களை அங்கிருந்து எடுத்துட்டாங்க.