கூடார வாசலில் இரு கட்சியினர்



2019ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் மாலை, கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி என்னும் கால்பந்தாட்டக் கழகம் மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என்ற கணக்கில் வென்று ஐ லீக் வாகையைச் சூடிற்று. என் பழைய மாணாக்கர் ஒருவர் குஜிலியம்பாறையிலிருந்து கோவைக்குச் சென்று பஞ்சாலையில் வேலை பார்ப்பவர். அன்றிரவு அவர் தொலைபேசியில் அழைத்து, தொண்டை கட்டிய குரலில் ஆட்டம் முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்தார். அதே மாலையில் கோழிக்கோட்டில் வேறோர் அணியும் தன் ஆட்டத்தை வென்றது. வென்றும் பயனில்லை. சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். அந்த அணிக்கு 42. ஒரே ஒரு புள்ளியால் பட்டத்தை இழந்த அந்த அணிதான் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். கொல்கத்தா என்று 2001இல் பெயர் மாறிவிட்டது. வாய்ப் பழக்கம் என்னை விடவில்லை, பொறுத்துக்கொள்க.

அக்கழகத்தின் இரசிகர்கள் தமக்குள்ளேயே இரு கட்சியாகப் பிரிந்து நின்ற ஒரு நாளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்டேன்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு பூசலில்தான். 1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் ஜோராபாகான் என்ற கழகம் மோகன் பாகானுடன் மோதியது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஜோராபாகான் நிர்வாகிகள் அணியில் சேர்க்கவில்லை. அவர் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்தவர். அக்கழகத்தின் துணைத் தலைவராய் இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி காரணம் கேட்டார். தக்க விடை கிடைக்கவில்லை. அவர் வெளியேறி, நண்பர் சிலருடன் கூடி, ஆகஸ்டு முதல் நாள் புதிய கழகத்தைத் தொடங்கிவிட்டார். சிவப்பும் பொன்னிறமும் அதன் வண்ணங்களாயின. 1947இல் வங்காளம் இரண்டாகப் பிளவுபட்டபோது, வீடு வாசலை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அந்த வண்ணங்களே சொந்த ஊர் என்று ஆயின. இக்கழகம் வென்ற நாளில் அவர்கள் இல்லங்களில் ஹில்சா மீன் சமைப்பார்கள் என்றும், மோகன் பாகான் வென்றால் மறு தரப்பார் இல்லங்களில் இறால் சமைக்கப்படும் என்றும் கூறுவர். மரக்கறி உண்பவனான எனக்கு இரண்டும் ஒன்றே.

இவ்விரு கழகங்களின் பகைமை விளையாட்டோடு நில்லாத நாளும் உண்டு. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத்து அரங்கில் இரு தரப்பாருக்கும் மூண்ட கலகத்தில், நெரிசலில் சிக்கிப் பதினாறு இளைஞர் மாண்டனர். ஆனால் 2021 ஜூலை 21ஆம் நாள் நிகழ்ந்தது வேறு வகை. அன்று ஈஸ்ட் பெங்கால் கூடார வாசலில் மோதிக்கொண்ட இரு கூட்டத்தாரும் ஒரே சிவப்பும் பொன்னும் அணிந்திருந்தனர். கைகலப்பு மூண்டது, காவலர் தடியடி நடத்தினர், சிலர் காயமுற்றனர், பலரை வண்டியிலேற்றிக் கொண்டு போயினர்.

கூடாரம் என்றேனே, அதையும் விளக்க வேண்டும். கல்கத்தாவின் நடுவே மைதான் எனப்படும் பெரும் புல்வெளி இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே கழகங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. அதனால் சுவரும் கூரையும் எழுந்த பின்னும் கழகத்தின் இருப்பிடத்தைக் கூடாரம் என்றே வழங்குகின்றனர். கழகத்திற்கென்று உள்ள பெருஞ்செல்வம் அதன் பெயரும், சின்னமும், சந்தா செலுத்தி வாக்களிக்கும் உறுப்பினர்களுமே.

அச்செல்வத்தை எவர் கையில் ஒப்புவிப்பது என்பதில்தான் சண்டை.

பழைய நாளில் உறுப்பினர் சந்தாவும், நுழைவுச் சீட்டு வருவாயும், வசதி படைத்த அன்பர்களின் கொடையும் ஓர் அணியை நடத்தப் போதுமானவையாய் இருந்தன. இன்று அயல்நாட்டு வீரர், பயிற்சியாளர், விமானப் பயணம், மருத்துவர் என்று செலவு பெருகிவிட்டது. ஈஸ்ட் பெங்கால் இருபது ஆண்டு ஒரு மது உற்பத்தி நிறுவனத்தின் ஆதரவில் ஆடிற்று. 2018இல் பெங்களூரின் குவெஸ் நிறுவனம் 70 விழுக்காட்டுப் பங்குடன் வந்தது. இரண்டே ஆண்டில் விலகியது. அதற்குள் இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதல்நிலைப் போட்டியாகிவிட்டது. அதில் இடம் பெறாவிடில் நூற்றாண்டுக் கழகம் இரண்டாம் வரிசையில் நிற்க நேரும். எதிர்வீட்டு மோகன் பாகானோ 80 விழுக்காட்டுப் பங்கை ஒரு வணிகக் குழுமத்துக்கு அளித்து முன்னரே இடம் பிடித்துவிட்டது. இந்த அவசரத்தில், 2020 செப்டம்பரில், மேற்கு வங்க முதலமைச்சர் முன்னின்று பேசியதன் பேரில் ஸ்ரீ சிமென்ட் நிறுவனம் வந்து சேர்ந்தது. (எங்கள் பக்கம் கரிக்காலியிலும் ஒரு சிமென்ட் ஆலை உண்டு, சிமென்ட் எல்லாவற்றையும் ஒட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.)

நம் இல்லங்களில் முதலில் நிச்சய தாம்பூலம் மாற்றுகிறோம்; பின்பே திருமணம். வணிகத்திலும் அவ்வாறே முதலில் சுருக்கமான பூர்வாங்க உடன்பாடு ஒன்று எழுதிக்கொள்வர். விரிவான இறுதி ஒப்பந்தம் பின்னர் வரும். தாம்பூலம் மாற்றிய கையோடு அணி களத்தில் இறங்கிவிட்டது. இறுதி ஒப்பந்தம் வந்தபோது, முதல் ஏட்டில் இல்லாதவை இதில் உள்ளன, உறுப்பினர் உரிமைகள் பறிபோகும் என்று கூறிக் கழக நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தனர். நிறுவனமோ, இரண்டிற்கும் வேறுபாடு இல்லை, கையெழுத்திடாவிடில் மேற்கொண்டு பணம் போட இயலாது என்றது.

இரசிகர் பிளந்தது இவ்விடத்தில்தான். கையெழுத்திடுக என்றவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2020–21 பருவத்தில் அணி இருபது ஆட்டங்களில் மூன்றே வென்று, பதினொரு அணிகளில் ஒன்பதாவதாக வந்தது. முன்பு ஆடிய கோஸ்டாரிக்கா வீரர் ஜானி அகோஸ்டாவுக்குரிய நிலுவை தொடர்பாக, புதிய வீரரைச் சேர்க்கலாகாது என்ற தடையும் கழகத்தின் தலைமேல் விழுந்தது. நெடுங்காலமாகப் பதவியில் இருப்போர் தம் நாற்காலியைக் காக்கவே உறுப்பினர் பெயரைச் சொல்கின்றனர் என்பது இவர்கள் குற்றச்சாட்டு. கையெழுத்து வேண்டா என்றவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பணம் போட வந்தவர் இரண்டு ஆண்டில் விலகிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். போகிறவர் பெயரையும் ஆட்ட உரிமையையும் உடன் கொண்டு போனால் பாட்டன் காலத்துக் கழகம் என்னாவது என்று அஞ்சினர்.

கணக்குப் பாடம் கற்பித்தவன் என்ற முறையில் உங்களை ஓர் எண்ணின்மேல் சற்று நிறுத்த விரும்புகிறேன். குவெஸ் காலத்தில் கழகத்தின் கையில் இருந்தது நூற்றுக்கு 30. ஸ்ரீ சிமென்ட் காலத்தில் 24. ஆறு விழுக்காடுதானே குறைந்தது என்று தோன்றும். நம் நாட்டுக் கம்பெனிச் சட்டப்படி, நிறுவனத்தின் அடிப்படை விதிகளை மாற்றுதல் போன்ற பெரிய காரியங்களுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அது நிறைவேற, அளிக்கப்பட்ட வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அதாவது 75 விழுக்காடு. எழுபது வைத்திருப்பவர் தனியே அதைச் செய்ய முடியாது. முப்பது வைத்திருப்பவர் தடுத்துவிடலாம். எழுபத்தாறு வைத்திருப்பவரை, வேறு பாதுகாப்பு எழுத்தில் இல்லாவிடில், இருபத்துநான்கு வைத்திருப்பவர் தடுக்க முடியாது. இருபத்தாறு இருந்தால் முடியும். அதே 2019ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் கழகம் நம் சென்னை சிட்டியில் பங்கு வாங்கியது, எவ்வளவு தெரியுமா? 26 விழுக்காடு. அந்த எண்ணைத் தேர்ந்தவர் கணக்கு அறிந்தவர்.

ஜெர்மானியர் 1998 முதல், சில விலக்குகளோடு, கழகத்தின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் கையிலேயே இருக்க வேண்டும் என்று விதி செய்திருக்கின்றனர். நம் நாட்டில் அப்படியோர் ஏற்பாடு இல்லை. ஆதலின் ஒவ்வொரு கழகமும் தன் தாளைத் தானே படித்துக் காத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

ஆனால் அன்று வாசலில் நின்ற இளைஞர்களில் எத்தனை பேர் அந்தத் தாளைப் படித்திருக்க முடியும்? அது அவர்களுக்குக் காட்டப்படவில்லை. நிர்வாகிகள் சொன்னதை ஒரு சாரார் நம்பினர். நிறுவனம் சொன்னதை மறு சாரார் நம்பினர். அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் எல்லாம் நோய்த்தொற்றுக் காலமாதலால் கோவாவில், பார்வையாளர் இன்றி நடந்தன. அரங்கிற்குள் நின்று கூவித் தம் மனக்குறையைத் தீர்த்துக்கொள்ளவும் அவர்களுக்கு வழியில்லை. மிஞ்சியது கூடார வாசல் ஒன்றே.

இதைச் சொல்லும்போது என் பிழை ஒன்றையும் மறைக்கலாகாது. 1988இல் எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞர் சிலர் பந்தாட்டக் குழு ஒன்று நடத்தினர். ஆசிரியர் என்பதால் என்னைப் பொருளாளர் ஆக்கினர். நிலக்கடலை மண்டி வைத்திருந்த ஒரு செல்வர், பனியன்களும் இரண்டு பந்துகளும் வெளியூர்ப் போட்டிக்குக் கட்டணமும் தருவதாகச் சொன்னார். தம் மகனே குழுத்தலைவன் ஆகவேண்டும் என்பது அவர் நிபந்தனை. பையன்கள் இரு பிரிவாயினர். பணம் நம்மிடமே இருக்கிறதே, எவர் தயவும் எதற்கு என்று ஒரு பிரிவினர் ஓங்கிப் பேசினர். பள்ளிக்கூடத் திண்ணையில் எல்லாரையும் உட்கார வைத்து நோட்டுப் புத்தகத்தை வாசித்தேன். இருப்பு 43 ரூபாய். திண்ணையில் பேச்சே இல்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "இதை முன்னமே சொல்லியிருக்கலாமே, சார்" என்றான். இரண்டு ஆண்டாக நான் கணக்கு வாசிக்கவில்லை. அவர்களுள் வளர்ந்த பகையில் பாதி என் சோம்பலால் வளர்ந்தது. அந்த ஆண்டு அவர்கள் போட்டிக்குப் போகவில்லை. இரண்டு நண்பர்கள் அதன்பின் நெடுநாள் பேசிக்கொள்ளவுமில்லை.

கல்கத்தாவுக்கு வருவோம். ஆகஸ்டு 25ஆம் நாள் முதலமைச்சர் மீண்டும் தலையிட, நிறுவனம் இன்னும் ஒரு பருவம் தொடர இசைந்தது. வீரரைச் சேர்க்க நாளில்லை. 2021–22 பருவத்தில் இருபது ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். அடுத்த ஆண்டு நிறுவனம் விலகிற்று. 2022 மே மாதம் கல்கத்தாவையே சேர்ந்த இமாமி நிறுவனம் வந்தது. 2024 ஜனவரி 28ஆம் நாள் புவனேசுவரத்தில், கூடுதல் நேரம்வரை நீண்ட ஆட்டத்தில் ஒடிசா அணியை 3–2 என்று வென்று சூப்பர் கோப்பையைக் கைக்கொண்டபோது, அகில இந்திய அளவில் அக்கழகம் ஒரு கோப்பையை எடுத்துப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கூடார வாசலில் அடித்துக்கொண்ட இரு தரப்பாரும் அன்று வீதியில் ஒன்றாகத்தான் ஆடியிருப்பார்கள்.

சென்னை சிட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாகை சூடிய இரண்டு பருவங்களுக்குப் பின், 2021–22 ஐ லீக்கில் அதன் பெயரே இல்லை. கோவையில் எவரும் எவரோடும் மோதவில்லை, காவலர் வரவில்லை. சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்த அந்த மாணாக்கர் வீட்டிற்கு வந்திருந்தார். கல்கத்தாச் செய்தியை அவருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர்களுக்குப் போய் நிற்க ஒரு வாசலாவது இருந்ததே, ஐயா. நாங்கள் எங்கே போய்க் கேட்பது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை" என்றார். 2019இல் வாங்கிய அந்தப் பனியனை இன்னும் வைத்திருக்கிறாராம்.