கூரையைத் தாங்குவது கைகள்தான்

உழவர் பகுதிக்கான வானொலிப் பேச்சு



பிசான அறுப்பு முடிந்து வைக்கோல் படப்பு ஏறியதும், நம்ம தாமிரபரணிக் கரையில் முன்பெல்லாம் ஒரு வேலை தவறாமல் நடக்கும். மாட்டுத் தொழுவின் பழைய கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக மேய்வார்கள். இன்றைக்கு அந்த வேலை அருகிவிட்டது. தகரத்தை வாங்கி மேலே போட்டால் கவலை விட்டது என்று இருக்கிறோம். கவலை விட்டதா, வேறு இடத்துக்கு மாறிப் போனதா? இதைப் பார்ப்பதற்காக இன்றைக்கு உங்களை இரண்டு மலை ஊர்களுக்கு அழைத்துப் போகிறேன். ஒன்று அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே தெரியும் பொதிகை மலையில் இருக்கிறது. மற்றொன்று கடல் கடந்து ஜப்பானில் இருக்கிறது.

பாபநாசத்தைத் தாண்டி மலை ஏறினால் முண்டந்துறைக் காடு. 1962இல் சரணாலயம் ஆன காடு இது. 1988இல் களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. இதற்குள்ளே சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களில் காணி மக்கள் குடியிருக்கிறார்கள். மரச்சீனியும் நல்லமிளகும் பயிர் செய்கிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள். அவர்களுடைய பழைய வீட்டுக்குக் கடையில் வாங்கிய சாமான் எதுவும் கிடையாது. மூங்கில் இனத்தைச் சேர்ந்த ஈற்றை என்ற நாணலைப் பிளந்து தட்டியாகப் பின்னினால் சுவர். அதன் இலையையும் புல்லையும் அடுக்கினால் கூரை. யானை வருகிற இடத்தில் பயிர்க் காவலுக்கு மரத்தின் மேலே ஏறுமாடம் கட்டிக்கொள்வார்கள்.

இப்போது அங்கே சிமெண்டு வீடுகள் வந்திருக்கின்றன. வரட்டும், அது வேண்டியதுதான். ஒழுகாத வீட்டில் இருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒன்று கவனியுங்கள். காட்டில் வெட்டக் கட்டுப்பாடு, மேயத் தெரிந்த பெரியவர்கள் குறைவு, கூடி வேலை செய்ய ஆளும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கூரையும் இறங்கிவிடும்.

அங்கே போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. போனால், நம்ம வீட்டுக்கு வரும் விருந்தாளி எப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போமோ, அப்படி நடக்க வேண்டும். கேட்காமல் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம்.

இனி ஜப்பானுக்குப் போவோம். கிஃபு மாநிலத்து மலைகளுக்கு நடுவே ஷிராகவா என்று ஓர் ஊர். மழைக்காலத்தில் நமக்கு வெள்ளம் என்றால், குளிர்காலத்தில் அவர்களுக்கு ஆள் உயரத்துக்கு மேலே பனி. பனி தங்காமல் சரிந்து விழுவதற்காக, கூரையைச் செங்குத்தாக, ஏறத்தாழ 60 பாகை சாய்வில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுவதுபோல இருப்பதால், 'கூப்பிய கை' என்று பொருள்படும் 'கஷ்ஷோ' என்ற சொல்லால் இந்த வீடுகளைச் சொல்கிறார்கள். கூரை மரங்களுக்கு ஆணி கிடையாது. வைக்கோல் கயிறும் வளைந்து கொடுக்கிற இளங்கொம்பும் கொண்டு கட்டுவார்கள். காற்று அடித்தால் கூரை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், முறியாது. மேல்மாடியில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். கீழே நடுவீட்டில் அடுப்புக் குழி. அந்தப் புகை மேலே ஏறி மரத்திலும் புல்லிலும் படிந்து, பூச்சி அரிக்காமல் காக்கும். ஒரு முறை மேய்ந்தால் 30, 40 வருஷம் நிற்கும்.

அந்தக் கூரை பெரியது. ஒரு குடும்பம் தனியாக மேய்ந்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே ஊரே சேர்ந்து வருகிறது. நூறு, இருநூறு பேர் ஒன்றாக ஏறி, ஓரிரு நாளில் முடித்துவிடுவார்கள். இந்த வருஷம் உன் வீடு, பிறகு என் வீடு. இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'யூயி'. நம்ம ஊரில் மாத்தாள் என்று சொல்வோமே, அதேதான்.

அவர்களுக்கும் சோதனை வராமல் இல்லை. பக்கத்து ஆற்றில் 1961இல் மிபோரோ அணை கட்டி முடித்தபோது சில ஊர்கள் தண்ணீருக்குள் போயின. பட்டணத்துக்குப் போகிறவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்த ஒகிமாச்சி என்ற சிற்றூர் மக்கள் 1971இல் கூடி மூன்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1995இல் யுனெஸ்கோ அந்த ஊரை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு 24 வருஷம் முன்னாலேயே ஊர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது, கவனித்தீர்களா? நெருப்புக்கும் அவர்கள் முன்கூட்டியே தயார். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் முழுவதும் தண்ணீர் பீச்சிப் பயிற்சி செய்கிறார்கள்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி, நாம என்ன ஓலை வீட்டுக்கா திரும்பப் போறோம்?" என்று கேட்பீர்கள். வீட்டுக்கு வேண்டாம். தொழுவை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே நாம் அரை மணி நேரம் நிற்க மாட்டோம். கலப்பினப் பசுவுக்கு வெயில் இன்னும் ஆகாது. மூச்சு வாங்கும், தீவனம் எடுக்காது, பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப் போகும். தகரத்தில் மிச்சம் பிடித்த காசு பால் கணக்கில் போய்விடும்.

வைக்கோலில் இப்போது ஒரு சிக்கல் உண்டு. நம்ம அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கியது. அது தந்த ஏ.எஸ்.டி.16 போன்ற ரகங்கள் சாயாமல் நின்று விளைச்சல் தருபவை, தாளோ குட்டை. போதாததற்கு அறுவடை இயந்திரம் தாளை நசுக்கிப் போடுகிறது. அது கூரைக்கு உதவாது. ஆகவே கூரைக்குப் பனை ஓலையும் தென்னங்கிடுகும்தான் நல்லது. வைக்கோல்தான் வேண்டுமென்றால் ஒரு வயலைக் கையால் அறுத்துக் கட்டி வையுங்கள்.

சாய்வு முக்கியம். தொழுவின் அகலம் 12 அடி என்றால், முகடு சுவரைவிட 6 அடியாவது உயர வேண்டும். அதற்குக் குறைந்தால் தண்ணீர் தங்கி அழுகும். இறவாரம் 2 அடி வெளியே நீளட்டும். ஆடிக் காற்று மேற்கே இருந்து வருவதால் அந்தப் பக்கத்தில் கட்டு இரட்டையாக இருக்கட்டும். தகரம் போட்டுவிட்டவர்கள் அதைப் பிரிக்க வேண்டாம். பங்குனிக்கு முன்னே அதன்மேல் கிடுகு பரப்பிக் கட்டிவிடுங்கள், சூடு தணியும். கொசுவுக்கு மூட்டம் போடும்போது கூடவே ஆள் இருக்க வேண்டும். படப்பும் அடுப்பும் மின்கம்பியும் கூரைக்கு எட்டவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீரும் ஒரு குவியல் மணலும் எப்போதும் வேண்டும்.

கூலி கட்டுபடியாகவில்லை என்பதுதான் பெரிய குறை. அதற்கும் வழி நம்ம கையிலே இருக்கிறது. ஒரே தெருவில் மாடு வைத்திருக்கிற ஐந்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தொழு என்று வைத்துக்கொண்டால், ஐந்து வாரத்தில் ஐந்து தொழுவும் முடிந்துவிடும். சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். மேயத் தெரிந்த பெரியவர் ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். இளவட்டங்கள் அவரோடு ஏறிக் கட்டிப் பழகட்டும். அந்தக் கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப் போனால் பிறகு எந்தக் கடையிலும் கிடைக்காது.

இந்தப் பங்குனிக்குள் உங்கள் தெருவில் முதல் தொழு யாருடையது என்று இன்று இரவே பேசி முடிவு செய்யுங்கள்.