இருளையும் காப்போம்



குடத்துள் இட்ட விளக்கு, குன்றின்மேல் இட்ட விளக்கு என்று இரண்டு உவமைகளை நாம் வழங்குகிறோம். வெளிப்படாத திறமைக்கு முன்னது. ஊரறிந்த புகழுக்குப் பின்னது. ஆனால், விளக்கே இல்லாத குன்றைத் தேடியவர்களும் நம் நாட்டில் உண்டு. வானியல் அறிஞர் வைணு பாப்பு அவர்கள் 1960ஆம் ஆண்டுகளில் அவ்வாறு தேர்ந்தெடுத்த இடமே சவ்வாது மலையிலுள்ள காவலூர். 2.3 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி 1986ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிவைக்கப்பெற்றது. இருண்ட வானமே அத்தகைய கூடங்களுக்கு முதற்பொருளாகும்.

அம்முதலைக் கரைப்பது யாது? வீணாகும் விளக்கொளிதான். தரையில் விழ வேண்டிய ஒளியில் ஒரு பகுதி வானை நோக்கிச் செல்கிறது. காற்றின் மூலக்கூறுகளும் தூசியும் அதனைச் சிதறடித்துக் கீழே திருப்புகின்றன. அதனால் நகரங்களின்மேல் மங்கிய வெளிச்சம் கவிந்து, விண்மீன்கள் மறைகின்றன. இதனையே ஒளி மாசு என்கிறோம். மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்கினர்க்குப் பால்வீதி கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்த உலக ஆய்வொன்று கணக்கிட்டது.

இவ்விழப்பு வானியலாரோடு நின்றுவிடவில்லை. சென்னைக் கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. இரவில் பொரித்து வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமுள்ள திசையே கடல் என்று கொண்டு நகர்கின்றன. இயற்கையில் அது பிழையன்று. இருண்ட கரையைவிடக் கடற்பரப்பே வெளிச்சமானது. கரையில் விளக்குகள் எரிந்தாலோ, அவை கடலை விட்டுச் சாலையை நோக்கிச் சென்று மடிகின்றன.

அப்படியானால் இருளில் தடுமாறுவதா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டா. தெருவில் தனியே செல்லும் பெண்ணுக்கும் முதியவர்க்கும் விளக்கு இன்றியமையாதது. குறை, விளக்கில் இல்லை. அதை அமைக்கும் முறையில் இருக்கிறது. முதலாவது, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடியிட வேண்டும். இரண்டாவது, தேவைக்கு மிஞ்சிய ஒளியைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, நீலம் மிகுந்த வெள்ளொளி அதிகமாகச் சிதறுமாதலால், மஞ்சள் ஒளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான்காவது, பயன் முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். கண் கூசாத வெளிச்சம், சிக்கனமான மின்செலவு ஆகிய நன்மைகளும் இவற்றால் நமக்குக் கிட்டும்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை அல்ல. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம், தன் வானாய்வுக் கூடத்தின் நலங்கருதி, வானில் பாயும் விளம்பர ஒளிவீச்சு விளக்குகளை 1958ஆம் ஆண்டிலேயே தடுத்தது. நம் லடாக்கிலுள்ள ஹான்லே பகுதி 2022ஆம் ஆண்டில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. அவ்வூர் மக்கள் விளக்குகளுக்கு மூடியிட்டும், சன்னல்களுக்குத் திரையிட்டும் வானத்தைக் காக்கிறார்கள். வானம் பார்க்க வரும் விருந்தினரால் வருவாயும் பெறுகிறார்கள்.

கெட்டுப்போன ஆற்றைத் தூய்மையாக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒளி மாசோ, விளக்கைத் திருத்திய அன்றிரவே குறையத் தொடங்கும். இன்றிரவு உங்கள் வாயில் விளக்கைச் சற்றே நிமிர்ந்து பாருங்கள். அதன் ஒளி வாசலில் விழுகிறதா, வானுக்குப் போகிறதா? வானுக்குப் போகுமாயின், ஒரு தகர மூடி போதும்.