விருந்தாளிக்கு ஒரு படுக்கை

(உதகையில் நடந்த படுக்கை விரிப்பு, கம்பளி வழங்கும் நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"ஹோட்டல்காரர்கள் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை விநியோகம்" என்று அறிவித்ததும் நம் பிள்ளைகள் சிலர் பிரியாணி என்று நினைத்துவிட்டார்கள். காலையிலேயே இரண்டு பேர் டிபன் கேரியரோடு வந்து நின்றார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும். இது சாப்பாட்டு ஹோட்டல் அல்ல, தங்கும் விடுதி. சீசனுக்கு முன்னால் அறைகளைப் புதுப்பித்தவர்கள், விருந்தினர் அறைகளில் இருந்த விரிப்பு, தலையணை உறை, ரஜாய், கம்பளி, துவாலை எல்லாவற்றையும் நமக்குத் தந்திருக்கிறார்கள். தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் சொல்லவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

நல்ல துணியை ஏன் கழித்துக் கொடுக்கிறார்கள் என்று சிலர் கேட்டார்கள். பெரிய விடுதிகளில் ஒரு கட்டிலுக்கு ஒரு விரிப்பு போதாது. ஒன்று கட்டிலில் இருக்கும், ஒன்று சலவையில் இருக்கும், ஒன்று அலமாரியில் தயாராக இருக்கும். கட்டிலுக்கு 3 செட் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலும் வெள்ளையைத்தான் வாங்குவார்கள். அழுக்கு உடனே கண்ணுக்குத் தெரியும், வெந்நீரில் போட்டு வெளுக்கலாம், சாயம் போகும் என்ற கவலை இல்லை. அந்த வெள்ளையில் ஒரு டீக்கறை போகாமல் நின்றுவிட்டாலும், ஓரத் தையல் பிரிந்துவிட்டாலும் அதை அறையில் விரிக்க மாட்டார்கள். காசு கொடுத்துத் தங்க வருபவர் முகம் சுளிக்கக் கூடாது அல்லவா? அதே விரிப்பு நம் வீட்டில் இன்னும் பல வருடம் உழைக்கும்.

ஆனாலும் வந்த மூட்டையை அப்படியே தூக்கிக் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தோம்: "இதை உங்கள் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீர்களா?" கை தயங்கினால் அது துடைக்கிற துணி. தயங்காவிட்டால் அது கொடுக்கிற துணி. தமக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளைத் தேடிப் பிடித்து தர்மம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் எச்சரிக்கிறது. பழைய பொருளைக் கொடுப்பதில் குற்றம் இல்லை. கழிசலைக் கொடுத்துவிட்டு அதற்கு ஸதகா என்று பெயர் வைப்பதுதான் குற்றம்.

தேறிய துணிகள் எல்லாம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கப்பட்டு, வெயிலில் காய்ந்தவை. மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் அந்தச் சூட்டில் தங்காது. விடுதியில் மெத்தையும் தருவதாகச் சொன்னார்கள். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். மெத்தையை வெந்நீரில் போட முடியாது, நம் ஊர் ஈரத்தில் உள்ளே பூஞ்சை பிடித்திருந்தால் வெளியே தெரியவும் தெரியாது. குழந்தைக்கு இழுப்பு வந்த பிறகு தெரிந்து என்ன பயன்? "யாரோ படுத்த விரிப்பில் தொழலாமா?" என்று ஒருவர் கேட்டார். கழுவிச் சுத்தமான துணி சுத்தமான துணிதான், அதில் ஐயம் வேண்டாம் என்று இமாம் அவர்கள் விளக்கம் தந்துவிட்டார்கள்.

நம் தையல் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். விடுதிக் கட்டில்கள் பெரியவை. 108 அங்குலத்துக்கு 108 அங்குலம் உள்ள விரிப்பை நம் வீட்டு ஒற்றைக் கட்டிலில் போட்டால் பாதி தரையில் கிடக்கும். அதை இரண்டாக வெட்டி ஓரம் அடித்தார்கள். விடுதியின் முத்திரை அச்சடித்த மூலையை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, உள்பக்கமாக மடித்துத் தைத்தார்கள். பக்கத்து வீட்டார் வந்து உட்காரும்போது "இது எங்கிருந்து வந்தது?" என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக. மிஞ்சிய மெல்லிய துண்டுகள் பிறந்த குழந்தைகளுக்கு. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணியைத்தானே பச்சைப் பிள்ளைக்கு நம் பாட்டிமார் தேடி எடுப்பார்கள்?

இன்று இங்கே யாரும் போட்டோ எடுக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். வாங்குகிற கையைப் படம் பிடித்தால் கொடுத்ததின் நன்மை அந்தப் படத்தோடு போய்விடும். சொல்லிக்காட்டியும் மனம் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்கிக்கொள்ளக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த பாடம். வரத் தயங்குகிறவர்கள் வீட்டுக்கு இஷாவுக்குப் பிறகு நம் ஆட்களே கொண்டு வந்து தருவார்கள். டோக்கனைக் கூட எடுத்து வர வேண்டாம்.

சகோதரர்களே, நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில். டிசம்பர், ஜனவரியில் காந்தலிலும் தலைகுந்தாவிலும் காலையில் புல்லெல்லாம் உறைபனியால் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது காட்சி. தகரக் கூரை வீட்டில் படுத்திருப்பவருக்கு அது எலும்பில் இறங்குகிற குளிர். போர்வை போதாதபோது என்ன செய்கிறார்கள்? கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள்: மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். மலை ஊர்களில் அப்படிக் குடும்பத்தோடு இறந்தவர்களின் செய்தியை நாம் படித்திருக்கிறோம். கூடுதலாக ஒரு கம்பளி இருந்தால் அந்த அடுப்பு உள்ளே வராது. அதனால் இன்று நாம் கொடுப்பது வெறும் துணி அல்ல.

தேவையைப் பற்றிச் சொன்னேன். சுகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஏழைக்கு அரிசி கொடுக்கலாம், மருந்து கொடுக்கலாம், பள்ளிக் கட்டணம் கட்டலாம், ஆனால் சுகமான படுக்கை எதற்கு என்று நினைக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

ஒரு நாளில் நாம் அனுபவிக்கிற இன்பங்களை எண்ணிப் பாருங்கள். பஜ்ருக்கு எழுந்து வருகிறோம், பள்ளியில் ஒளு செய்யக் குழாயில் வெந்நீர் வருகிறது. தொழுதுவிட்டு வெளியே வந்தால் சூடான டீ, அதில் தொட்டுக்கொள்ள வர்க்கி. பகலில் வெயில் வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்கிறோம். ராத்திரி தகரத்தில் மழை கொட்டுகிறது, நாம் காய்ந்த விரிப்பில், கால் இரண்டையும் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். இதற்கெல்லாம் நாம் நிஃமத் என்று பெயர் சொல்வதில்லை. பெரிய வீடு, புது வண்டி, வெளிநாட்டு வேலை இவைதான் நிஃமத் என்று நினைக்கிறோம்.

ஒரு நாள் பசி தாங்காமல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) அவர்களும் வெளியே வந்து, ஓர் அன்சாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் பேரீச்சங்குலையை வைத்தார், ஆடு அறுத்துச் சமைத்துப் போட்டார், குடிக்கத் தண்ணீர் தந்தார். வயிறு நிறைந்த பிறகு, இந்த இன்பத்தைப் பற்றியும் மறுமையில் கேட்கப்படுவோம் என்று நபியவர்கள் தம் தோழர்களுக்கு நினைவூட்டினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற செய்தி இது. 102ஆம் அத்தியாயமான அத்தகாஸுரின் கடைசி வசனமும் இந்தக் கேள்வியைத்தான் பேசுகிறது. பேரீச்சம்பழத்துக்கும் தண்ணீருக்கும் கேள்வி உண்டென்றால், கம்பளிக்குள் காலை இழுத்துக்கொள்கிற அந்தச் சுகத்துக்கு இல்லாமல் போகுமா? கேள்வி வரும் என்பதால் இன்பத்தை விட்டு ஓட வேண்டியதில்லை. அதை அறிந்து அனுபவிக்க வேண்டும், அல்ஹம்து லில்லாஹ் சொல்ல வேண்டும், அடுத்தவருக்கும் அது கிடைக்க வழி செய்ய வேண்டும்.

இப்போது ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். யாருக்கு என்ன தேவை என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போனபோது, ஒரு மூதாட்டி வீட்டில் போர்வை இருந்தது. பழையதுதான், ஆனால் நல்ல கம்பளி. "உங்களுக்குப் போர்வை இருக்கிறதே அம்மா" என்று எழுதிக்கொண்டோம். அவர் சொன்னார்: "எனக்கு இருக்கு தம்பி, நான் எனக்குக் கேக்கலை. மேட்டுப்பாளையத்துல கட்டிக் குடுத்த மக வருவா. காலைல வந்து சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடிருவா. ராத்திரி தங்கச் சொல்ல வாய் வராது. எதை விரிச்சுப் படுக்கச் சொல்றது? பேரப்பிள்ளைங்க இந்த வீட்டுல ஒரு ராத்திரி படுத்ததில்லை தம்பி."

கணக்கெடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து இதைச் சொன்னபோது கூட்டத்தில் விவாதம் நடந்தது. "ஒன்றுமே இல்லாத வீடு இருக்கும்போது, இருக்கிற வீட்டுக்கு இரண்டாவதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் முதலில் இல்லாத வீடுகளுக்கு ஆளுக்கு ஒன்று என்று ஒதுக்கினோம். அதற்குப் பிறகு மீதியிருந்ததை விருந்தாளி செட் என்று பிரித்தோம். ஒரு விரிப்பு, ஒரு கம்பளி, இரண்டு தலையணை உறை, ஒரு துவாலை. பல வீடுகளுக்கு அந்தக் கட்டு இன்று போகிறது. அந்தத் தாயின் வீட்டுக்கும் போகிறது.

எங்களில் சிலருக்கு மனம் தெளிந்தது ஒரு ஹதீஸை நினைத்தபோதுதான். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஒரு வீட்டின் படுக்கைகளை எண்ணிச் சொன்ன நபியவர்கள், கணவன் மனைவிக்கு அடுத்தபடியாக மூன்றாவது படுக்கையை விருந்தாளியின் பெயரில் எழுதினார்கள். அதற்கும் மேல் சேர்ப்பதை ஷைத்தானின் கணக்கில் விட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய சொந்தப் படுக்கையோ தோலுக்குள் பேரீச்ச நார் திணித்தது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தமக்கு அவ்வளவு எளிமையாக வைத்துக்கொண்டவர்கள், விருந்தாளியின் படுக்கையை வீண் என்று சொல்லவில்லை. வீட்டின் தேவைகளில் ஒன்றாக எண்ணினார்கள்.

ஏழை என்றதும் வாங்குகிற கையை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். அவர்களுக்கும் கொடுக்கிற ஆசை உண்டு. "இன்னைக்குப் போகாதே, தங்கிட்டு நாளைக்குப் போ" என்று மகளிடம் சொல்கிற இன்பம், பேரனைப் பக்கத்தில் படுக்க வைத்துக் கதை சொல்கிற இன்பம், காலையில் மருமகனுக்கு டீ வைத்து எழுப்புகிற இன்பம். இதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. விருந்தாளிக்குப் படுக்கை இல்லாத வீட்டில் உறவு மாலை பஸ்ஸோடு போய்விடுகிறது. சிலதுரஹ்ம், உறவைச் சேர்ந்து வாழ்தல் என்று மேடையில் பேசுகிறோம். அதற்குச் சில வீடுகளில் தடையாக இருப்பது ஒரு விரிப்பும் ஒரு கம்பளியும்தான்.

முடிப்பதற்கு முன் சில வேண்டுகோள்கள்.

இன்று வாங்கிச் செல்பவர்களே, இதைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். பயன்படுத்துங்கள். வெயில் அடிக்கிற நாளில் வெளியே போட்டு உதறி எடுங்கள். படுக்குமுன் விரிப்பை உதறுவது சுன்னத் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். விருந்தாளி செட் வாங்குகிறவர்கள், முடிந்தால் இந்த மாதமே யாரையாவது தங்க அழையுங்கள்.

வசதி உள்ளவர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைத் திறந்து பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த விரிப்பு, சவூதியிலிருந்து வந்த கம்பளி பையைக்கூடப் பிரிக்காமல் கிடக்கும். நான்காவது படுக்கை யாருடையது என்று இப்போதுதான் கேட்டீர்கள். துவைத்து, காய வைத்து, மடித்து, ஜோடியாகக் கட்டிக் கொண்டு வாருங்கள். தலையணை கொடுப்பதென்றால் புதிதாக இலவம்பஞ்சு அடைத்துக் கொடுங்கள்.

விடுதிகளில் வேலை செய்கிற தம்பிகளே, நீங்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அறைகளைப் புதுப்பிக்கும் பேச்சு வந்தால் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு, முறையாகப் பிரித்துக் கொடுக்க அறக்கட்டளை தயாராக இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒரு தலையணை உறை கூட வர வேண்டாம்.

யா அல்லாஹ்! தந்தவர்களின் பொருளில் பரக்கத் செய்வாயாக. வாங்கியவர்களின் வீடுகளில் நிம்மதியான தூக்கத்தைத் தருவாயாக. எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் விருந்தாளிக்கு இடம் இருக்கச் செய்வாயாக. ஆமீன்.

கம்பளிக் கட்டுகள் இடப்பக்க அறையில் இருக்கின்றன. தாய்மார்கள் முதலில் வாருங்கள்.