பள்ளிக்கூட மானியம் யார் வீட்டுப் பணம்?

(பேசின் பிரிட்ஜ் பகுதியில், கார்ப்பரேஷன் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயில் பெட்டிப் பணிமனையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு, கண் மூடாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வருகிற மானியம் எங்கிருந்து வருகிறது? யார் கையால் செலவாகிறது? அதிலே நமக்கு என்ன பேச்சு? இதுதான் இன்றைய விஷயம்.

சில நாளைக்கு முன் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "பேப்பரைப் பிரித்தால் பள்ளிக்கூடத்துக்குக் கோடி கோடியாக ஒதுக்கினார்கள் என்று போடுகிறான். என் பெண் வகுப்பிலே பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்க ஒரு சீசாவும் கொஞ்சம் சோதனைத் தாளும் வேண்டும் என்றால், டீச்சரம்மா தன் சம்பளத்திலிருந்து வாங்குகிறார். அந்தக் கோடியெல்லாம் எங்கே அண்ணே இறங்குகிறது?" நல்ல கேள்வி. இதற்குச் சட்டசபையில்கூட நேராகப் பதில் கிடைப்பது கஷ்டம். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் 60-க்கு 40 என்று பங்கு போட்டு நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற திட்டம் 2018-ல் தொடங்கியது. அதிலே பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. உடைந்த சாமானை மாற்ற, ஆய்வுக்கூடத்துக்குப் பொருள் வாங்க, விளையாட்டுச் சாமான், கரண்டு பில், தண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பணம்தான். திட்டத்தில் வகுத்த விகிதம் இது: 30 பிள்ளை வரை இருந்தால் வருஷத்துக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கைச் சுத்தம், சுகாதாரத்துக்கு என்று எடுத்து வைத்துவிட வேண்டும்.

500 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 75,000 ரூபாயை 500-ஆல் வகுத்தால் தலைக்கு 150 ரூபாய். அதை 365 நாளுக்குப் பிரித்தால் 41 காசு. டீக்கடையில் 41 காசுக்கு டம்ளர் கழுவின தண்ணீர்கூடக் கிடைக்காது!

இதிலே இன்னொரு வேடிக்கை. 251 பிள்ளைகள் இருந்தாலும் 75,000. ஆயிரம் பிள்ளைகள் இருந்தாலும் அதே 75,000. முதல் பள்ளியில் தலைக்கு ஏறக்குறைய 299 ரூபாய். இரண்டாவதில் 75 ரூபாய். எங்கே நெரிசல் அதிகமோ அங்கே பிள்ளைக்குக் கிடைப்பது குறைவு. வீடு நெரிசல், ரயில் நெரிசல், வகுப்பு நெரிசல் என்று வாழும் வட சென்னைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்பதை நீங்களே யோசியுங்கள். டில்லியில் உட்கார்ந்து விகிதம் வகுத்தவர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் என்றால் சென்ட்ரலுக்கு முன்னால் ரயில் காத்துக் கிடக்கிற இடம், அவ்வளவுதான்.

சரி, இந்த 41 காசாவது யார் போட்ட பிச்சை? யாரும் போடவில்லை. சென்னையில் வசூலாகும் சொத்து வரிக்குள்ளே கல்வி வரி என்று ஒரு பங்கு இருக்கிறது. 1920-ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டத்தின் காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. 'எனக்கு ஏது சொத்து?' என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் அந்த வரியை உங்கள் வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி. பணம் நம்முடையது. சாவிதான் வேறு இடத்தில் இருக்கிறது.

சாவி வேறு இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பழைய கதை ஒன்று உண்டு. அதே 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிட்டி தியாகராயர் சென்னைக் கார்ப்பரேஷன் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குக் கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது என்று கவுன்சில் தீர்மானம் போட்டது. தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. பிள்ளைகள் கூடினார்கள், இன்னும் சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. வெள்ளைக்கார சர்க்கார் என்ன செய்தது? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்றது. 1925 ஏப்ரல் முதல் தேதி திட்டம் நின்றது. வரி கட்டியது சென்னை ஜனங்கள். தட்டை எடுத்துவைக்கச் சொன்னது அதிகாரிகள். பின்னால் காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-ல் சத்துணவும், 2022-ல் காலை உணவும் வந்தன. எல்லாமே அன்று 'கல்விச் செலவு அல்ல' என்று கணக்குப்பிள்ளை கோடு போட்டு அடித்த அந்த வரியிலிருந்துதான் முளைத்தன.

வெள்ளைக்காரன் போய்விட்டான், சாவி கைமாறிவிட்டது என்று நினைத்தோம். 2024-25-ஆம் ஆண்டுக்குச் சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், அப்புறம் பணம் என்றார்கள். மாநில சர்க்கார் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கொள்கையைப் பற்றி ஆயிரம் வாதம் செய்யலாம்; வாதம் நடக்கட்டும். அதற்காக ஆறாம் வகுப்புப் பிள்ளையின் சோதனைக் குழாயைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

அடுத்து, வெளிநாட்டுப் பணம். சென்னைக் கார்ப்பரேஷனின் 28 பள்ளிகளைப் புதுப்பிக்க 95 கோடியே 25 லட்சம் ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. அதில் 76 கோடியே 20 லட்சம் பிரெஞ்சு வளர்ச்சி நிதி நிறுவனத்தின் வழியாக. நகரங்களுக்குள் போட்டி வைத்து, ஜெயித்த நகரத்துக்குக் கொடுத்தார்கள். நல்ல வகுப்பறை வந்தால் வேண்டாம் என்போமா? வரட்டும். ஆனால் இரண்டு சங்கதிகளைக் கவனியுங்கள். நகரத்துக்கு இது மானியம். இந்திய சர்க்காருக்கோ பிரெஞ்சு நிறுவனம் கொடுத்தது கடன். கடனை அடைக்கப் போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, அப்போது கார்ப்பரேஷன் கையில் 281 பள்ளிகள் இருந்தன. திருவொற்றியூர், மணலி போன்ற மண்டலங்களின் பள்ளிகளும் சேர்ந்து பிறகு நானூறைத் தாண்டிவிட்டன. 28 பள்ளிகளுக்குப் பரிசு விழுந்தது. பரிசு விழாத பள்ளியில் படிக்கிற பிள்ளை எந்தப் போட்டியில் தோற்றது?

கம்பெனிகள் கொடுக்கும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2022 டிசம்பரில் மாநில சர்க்கார் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, கம்பெனிகளும் பழைய மாணவர்களும் பணம் கொடுக்க வழி செய்தது. பழைய மாணவன் தான் படித்த பள்ளிக்குக் கொடுப்பதை நான் வணங்குகிறேன். 1950-களின் கடைசியில் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கூலி வேலை செய்தவர்கள்கூடத் தங்களால் ஆனதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது ஊரார் கை.

கம்பெனியின் கை வேறு. எங்கே படம் நன்றாக விழுமோ அங்கே அது நீளும். சுவருக்கு வர்ணம், வாசலில் பெயர்ப் பலகை, ஒரு மின்திரை. திறப்பு விழாவுக்கு மாலை. ஆசிரியர் காலியிடத்தை நிரப்ப எந்தக் கம்பெனியாவது முன்வந்ததை நான் பார்த்ததில்லை. மின்திரையின் கரண்டு பில்லோ அந்த 41 காசிலிருந்துதான் போக வேண்டும்! நமக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. பக்கத்திலே இருந்த பி. அண்டு சி. மில் நிர்வாகம், மில்லில் அரை நாள் வேலை செய்த சிறுவர்களுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தியது. வெளியார் வந்து மெச்சினார்கள். பிள்ளை அரை நாள் நூலோடு, அரை நாள் புத்தகத்தோடு. அதே மில் 1921-ல் தொழிலாளரை ஆறு மாதம் தெருவில் நிறுத்தியது. 1996-ல் மில்லே மூடப்பட்டது. லாபத்தில் நிற்கிற தர்மம், லாபம் போனால் எங்கே நிற்கும்?

அப்படியானால் வழி? சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதை நம்மிடம் யாரும் உரக்கச் சொல்வதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று, பள்ளிக்கு வந்த மானியம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பது. சர்க்கார் கொடுத்ததா, கார்ப்பரேஷன் கொடுத்ததா, வேறு யார் கொடுத்ததா, எதுவானாலும் சரி. கம்பெனிப் பணமும் இதில் அடக்கம். பள்ளிக்கு வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுதான். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதிலே இருக்கிறோம்? கையெழுத்துக் கேட்டு நோட்டு வரும்போது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்?

தலைமையாசிரியரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவரும் 75,000 ரூபாயை வைத்துக்கொண்டு ஆயிரம் ஓட்டையை அடைக்கிறவர்தான். நாம் அவர் பக்கத்தில் நின்று மேலே கேட்க வேண்டும். கேட்டால் நடக்குமா? 2024 கடைசியில் சென்னைப் பள்ளிகளின் காலை உணவு வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கக் கார்ப்பரேஷன் டெண்டர் விட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, டெண்டர் வாபஸாயிற்று. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் கேளுங்கள்: இந்த வருஷ மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது? எதற்குச் செலவாயிற்று, ரசீது எங்கே? அடுத்த வருஷத் திட்டத்தில் ஆய்வுக்கூடச் சாமானுக்கும், பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் நூலகப் புத்தகத்துக்கும், விளையாட்டுப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளின் பஸ் செலவுக்கும் எவ்வளவு எழுதப் போகிறோம்? கேட்டதையும் சொன்ன பதிலையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கூட்டத்தைப் பகலில் வைத்தால் வேலைக்குப் போகிற தாய் எப்படி வருவாள்? மாலை ஆறு மணிக்கு வைக்கும்படி ஒரு மனு தயாராக மேஜை மீது இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாத பாட்டிமார்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம்.