பறக்கும் காரும் பொதுப் பேருந்தும்



திருச்சிராப்பள்ளி எடமலைப்பட்டி புதூரில் வசிப்பவன் நான். ஒருநாள் காலை மதுரைச் சாலையோரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். அருகில், தேர்வெழுதச் செல்லும் கல்லூரி மாணவி ஒருத்தி. வந்த பேருந்தில் கால் வைக்க இடமில்லை, அடுத்ததைக் காணோம். சாலையிலோ கார்களும் இருசக்கர வண்டிகளும் நெருக்கியடித்து நின்றன. அவள் பெருமூச்செறிந்து, "ஐயா, பறக்கும் கார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமல்லவா?" என்றாள். அன்று அவள் தேர்வுக்கு அரைமணி நேரம் பிந்தியே போய்ச் சேர்ந்தாள் என்று பின்னர் அறிந்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

பறக்கும் கார் வெறுங்கனவன்று. அமெரிக்காவில் மோல்ட் டெய்லர் என்பார் 1949ஆம் ஆண்டிலேயே 'ஏரோகார்' என்னும் ஊர்தியைப் பறக்கவிட்டார். ஆயினும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே செய்யப்பட்டன. இந்நாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய 'இ-பிளேன்' நிறுவனம் மின்சார வான்டாக்சியை உருவாக்கி வருகிறது. உயிருக்குப் போராடும் நோயாளியை விரைந்து கொண்டுசெல்ல இத்தகைய ஊர்தி உதவலாம். அதனை நான் மறுக்கவில்லை.

ஆனால் நெரிசல் தீருமா? சாலையில் ஓடும் வண்டியின் பாரத்தைத் தரை தாங்குகிறது. வானில் நிலைத்து நிற்பதற்கே ஓயாது ஆற்றலைச் செலவிட வேண்டும். மேலும், ஏறியது இறங்கியாக வேண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரே வேளையில் ஐம்பது ஊர்திகள் இறங்க இடமேது? நெரிசல், இறங்குமிடத்தில் நமக்காகக் காத்திருக்கும்.

ஆளுக்கொரு காராக ஐம்பது பேர் சென்றால், இடைவெளியோடு ஏறக்குறைய 300 மீட்டர் சாலை வேண்டும். அவ்வைம்பது பேருக்கும் சுமார் 12 மீட்டர் நீளமுள்ள ஒரு பேருந்து போதும்.

எங்கள் பகுதிக்கு அண்மையில், பஞ்சப்பூரில், 2025 மே மாதம் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நன்று. எனினும் முனையம் பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. நகரப் பேருந்துகள் போதிய எண்ணிக்கையில், குறித்த நேரத்தில் வரவேண்டும். வராவிடில் மக்கள் கடன்பட்டேனும் வண்டி வாங்குவர். சாலை இன்னும் நெருங்கும். பேருந்து இன்னும் தாமதிக்கும்.

புஷ்பக விமானத்தைப் பற்றிப் பெரியோர் ஒன்று சொல்வதுண்டு. எத்தனை பேர் ஏறினாலும் அதில் மேலும் ஒருவருக்கு இடமிருக்குமாம். பொறியியலும் நிர்வாகமும் கற்கப் போகும் நீங்கள், அந்த ஓர் இடத்தை எண்ணிப் பாருங்கள். அன்று அந்த மாணவி வேண்டி நின்றதும் அதுவே.