இங்கிலாந்துக்குப் போகிறீர்களா? பல்லைக் காட்டிவிட்டுப் போங்கள்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இங்கிலாந்து அனுபவம் ஏதாவது பத்து நிமிஷம் பேசுப்பா" என்று நம் சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டுக்கொண்டார். பனி, ரயில், லண்டன் என்று ஏதாவது பேசுவேன் என நினைத்திருப்பார். நான் பேசப்போவது பல்லைப் பற்றி. சிரிக்காதீங்க. அடுத்த வருஷம் அங்கே வரப்போகிறவர்கள் இந்த அரங்கத்திலேயே இருக்கிறீர்கள்.

விசா வாங்கும்போதே அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்கு, அதாவது என்.எச்.எஸ்.ஸுக்கு, ஒரு கட்டணம் கட்டச் சொல்வார்கள். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. கணவன் மனைவி இருவருக்கும் மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 6,210 பவுண்டு, அதுவும் முன்பணமாக. இவ்வளவு கட்டியாச்சே, பல்லும் இதிலே அடக்கம்தானே என்று நினைப்போம். அடக்கம்தான். டாக்டர்தான் கிடைக்கமாட்டார்.

2023இல் என் மனைவி கர்ப்பமாக இருந்தாள். அங்கே கர்ப்பிணிகளுக்கும், பிரசவம் முடிந்து ஓராண்டு வரை தாய்மார்களுக்கும் அரசுக் கணக்கில் பல் சிகிச்சை இலவசம். அதற்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அது எங்கள் கையில் இருந்தது. கடைவாய்ப் பல்லில் வலியும் இருந்தது. நாங்கள் இருப்பது லிங்கன்ஷயர். பல் டாக்டர் பஞ்சத்துக்குப் பேர்போன மாவட்டம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, பெயர், தொலைபேசி எண், கிடைத்த பதில் என்று எழுதிக்கொண்டே போனேன். இருபத்தேழு இடம். பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "அரசுக் கணக்கில் புது நோயாளிகளை எடுப்பதில்லை. தனியார் கணக்கில் என்றால் வியாழக்கிழமை வரலாம்." அதே டாக்டர், அதே நாற்காலி, கணக்குதான் வேறு!

வலி தாங்காமல் 111 என்ற எண்ணுக்குப் பேசி, அவசர சிகிச்சைக்கு ஓர் இடம் வாங்கினோம். அங்கே தற்காலிகமாக அடைத்துவிட்டு, "மிச்சத்தை உங்கள் வழக்கமான டென்டிஸ்டிடம் செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். அந்த வழக்கமான டென்டிஸ்டைத்தானே ஐயா நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்!

இது எங்கள் வீட்டுக்கதை மட்டும் இல்லை. 2022இல் பி.பி.சி. விசாரித்தபோது, அரசுக் கணக்கில் பார்க்கும் இடங்களில் பத்தில் ஒன்பது புதிய பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை; குழந்தைகளையே பத்தில் எட்டு இடங்கள் சேர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் ஒரு பல் மருத்துவமனை திறந்தபோது, பெயர் கொடுக்க நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. நம்மூரில் முதல்நாள் முதல் காட்சிக்கு நிற்பது போல!

ஏன் இப்படி என்று தோண்டிப் பார்ப்பது இன்ஜினியர் புத்தி. அங்கே பல் டாக்டர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்கள். 2006 ஏப்ரலில் வந்த ஒப்பந்தப்படி, வேலையை யூ.டி.ஏ. என்ற யூனிட்டில் அளக்கிறார்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இலக்கு. நம்ம ஃபேக்டரி டார்கெட் மாதிரியேதான். 96 சதவீதத்துக்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இலக்குக்கு வெகுவாக மேலே செய்தால் காசு கிடையாது.

வினை இதற்குள்தான் இருக்கிறது. ஒரு பல்லை அடைத்தாலும் 3 யூனிட், ஆறு பல்லை அடைத்தாலும் அதே 3 யூனிட் என்று பதினாறு வருஷம் ஓட்டினார்கள். வேர் சிகிச்சையும் அதற்குள்ளேயே. வருஷக்கணக்காகப் பல் டாக்டரைப் பார்க்காத புது நோயாளி வாயைத் திறந்தால் என்ன இருக்கும்? வேலைதான் இருக்கும். வேலை கூடக்கூட டாக்டருக்கு நட்டம். ஆக, யாருக்கு அவசியம் அதிகமோ அவரை வாசலிலேயே நிறுத்துவதுதான் லாபம் என்று ஒப்பந்தமே சொல்லிக்கொடுத்துவிட்டது. டாக்டர்களைத் திட்டிப் பயனில்லை என்பது என் கட்சி. நம்மிடம் இந்த டிசைனைக் கொடுத்திருந்தால், மூன்றாம் வருஷ மாணவனே தப்பு கண்டுபிடித்திருப்பான். 2022 நவம்பரில்தான் மூன்று பல்லோ அதற்கு மேலோ அடைத்தால் 5, கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு 7 என்று உயர்த்தினார்கள்.

பணம் தகராறு பண்ணுவது அந்நாட்டில் புதுசும் இல்லை. 1948இல் எல்லாம் இலவசம் என்று ஆரம்பித்த சேவை அது. 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும், அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் மந்திரி பதவியையே தூக்கிப் போட்டார்.

சரி, வழி என்ன? தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். பொது மருத்துவருக்கு இருப்பதுபோல் பல் டாக்டருக்கு எல்லை கிடையாது. எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்கலாம். இணையப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், போன் போடுங்கள். அவர்களுடைய கணக்கு ஆண்டு ஏப்ரலில் புதிதாகத் தொடங்கும், அப்போது கேளுங்கள். இலக்கு எட்டாத இடங்கள் பிப்ரவரி, மார்ச்சிலும் ஆள் தேடுவது உண்டு. யாராவது வராமல் போனால் கூப்பிடுங்கள் என்று பெயர் கொடுத்து வையுங்கள். பல் மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் மாணவர்கள் பார்ப்பார்கள், நேரம் ஆகும், பரவாயில்லை. இடம் கிடைத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். அங்கே 'பதிவு' என்று எல்லாரும் சொல்வார்கள், சட்டப்படி அப்படி ஒன்று இல்லை. சிகிச்சை முடிந்தால் அவர்கள் பொறுப்பும் முடிந்தது. இரண்டு வருஷம் போகாமல் இருந்தால் பெயரை எடுத்துவிடுகிற இடங்கள் உண்டு.

எங்களுக்கு 2024 ஏப்ரலில், முப்பது மைலுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரில் இடம் கிடைத்தது. கைக்குழந்தையோடு போனோம். சான்றிதழ் காலாவதியாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. பல்தான் அதற்குள் காலாவதியாகிவிட்டது. வேர் சிகிச்சைக்கு நேரம் கடந்துவிட்டது என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். இலவசமாக.

நம் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் கூட்டம் அதிகம்தான், பெஞ்சில் காத்துக் கிடக்கணும்தான். ஆனால் ஓ.பி. சீட்டு வாங்க வந்தவரை, "நீங்கள் புதுசு, போங்க" என்று யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அங்கே இருக்கும் நம்மவர்கள் பலர் லீவுக்கு ஊர் வரும்போது, கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் வேலையோடு பல் வேலையையும் முடித்துக்கொண்டு போவது இதனால்தான். நானும் நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வைத்திருக்கிறேன்.

விமானம் ஏறுகிறவர்கள் ஒரு மாதம் முன்பே இங்கே பல்லைக் காட்டி, சொத்தை இருந்தால் அடைத்து, எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்து வாருங்கள். லிங்கன் பக்கம் வருகிறவர்களுக்கு என் கட்டம் போட்ட நோட்டு தருகிறேன். அந்த இருபத்தேழில் எந்தெந்த இடம் இப்போது திறந்திருக்கிறது என்று மறுபடி போன் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மதியம் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.